தினமும் பல் விளக்கும் பிள்ளைக்கு ஏன் சொத்தைப் பல்?

வாசகர் ஒருவரின் கேள்வி, 17 ஜூன் 2024

என் மகனுக்கு ஆறரை வயது. இந்த ஆண்டு இரண்டாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். காலையில் பல் விளக்காமல் அவனுக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை; இந்த ஒழுங்கு ஒரு நாளும் தவறியதில்லை. ஆனாலும் கீழ்க் கடைவாயில் மூன்று பற்கள் சொத்தையாகி, ஒன்றில் குழியே விழுந்துவிட்டது. என் தாத்தா உமிக்கரியும் உப்பும் வைத்துப் பல் துலக்கியவர். எழுபது வயதிலும் கரும்பைப் பல்லால் உரித்துத் தின்றார். பேஸ்ட்டும் பிரஷ்ஷும் வந்த பிறகுதான் சொத்தையும் வந்தது என்பது என் எண்ணம். எப்படியும் விழுந்து முளைக்கப் போகிற பால் பல். இதற்கு மருத்துவரிடம் போய்ச் செலவு செய்யத்தான் வேண்டுமா?

18 ஜூன் 2024, இரவு

நான் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான் என் பொறுப்பு. பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது முப்பது குழந்தைகள் ஒன்றாக வாயைத் திறப்பார்கள். கறுத்துக் கரைந்த முன்பற்களும் குழி விழுந்த கடைவாய்ப் பற்களும் அப்போது தெரியும். நான் பல் மருத்துவம் படித்தவள் அல்லள். பார்த்ததையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் எழுதுகிறேன்.

ஐயா, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. காலையில் விளக்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இரவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நம் வீடுகளில் பல் விளக்குவது என்பது முகம் கழுவுவதையும் திருநீறு பூசுவதையும் போல ஒரு நாளைத் தொடங்கும் சுத்தம். அந்தப் பழக்கம் நல்லதுதான், ஆனால் பல்லைக் கெடுக்கும் வேலை நடப்பது பெரும்பாலும் நாம் தூங்கும்போது. இரவு உண்டதில் மிஞ்சிய மாவும் சர்க்கரையும் பல்லின் பள்ளங்களில் ஒட்டியிருக்க, அங்கேயே குடியிருக்கும் கிருமிகள் அதைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் எனாமல் என்னும் பல்லின் மேலோட்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. பகலில் எச்சில் ஊறி அமிலத்தைக் கழுவி, கரைந்த சத்தில் ஒரு பங்கைப் பல்லுக்குத் திருப்பியும் கொடுத்துவிடும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடுவதால் அந்தக் காவல் இருப்பதில்லை. பால் பல்லின் எனாமல், பிறகு முளைக்கும் பல்லின் எனாமலைவிட மெல்லியது என்பதால் குழி விழவும் அதிக நாள் பிடிப்பதில்லை.

ஆகையால் ஒரு வேளைதான் முடியும் என்றால் இரவு வேளையைத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ஃப்ளோரைடு என்னும் தாது உப்பு உள்ள பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்து, பெரியவர் ஒருவர் தம் கையால் தேய்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது.

அதே இரவு, சற்றுப் பின்னர்

"விழுந்து முளைக்கிற பல்" என்பதற்கு விடை சொல்லாமல் விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் விழுந்த பால் பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவார்கள். ஆறேழு வயதில் அப்படி எறியப்படுவது முன்பல். கடைவாய்ப் பால் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. உங்கள் மகன் அந்தக் குழி விழுந்த பல்லோடு இன்னும் நான்கைந்து ஆண்டுகள் மென்று தின்ன வேண்டும். அதற்குள் குழி நரம்பைத் தொட்டால் வலி வரும், சீழ் பிடிக்கும். பல்லை முன்னதாகவே பிடுங்கிவிட்டாலோ பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துகொண்டு, பின்னால் முளைக்க வேண்டிய பல்லுக்கு வழி இல்லாமல் போகும்.

இன்னொன்று. ஆறு வயதையொட்டி, கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். எதுவும் விழாததால் வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. கவனித்தாலும் அதுவும் பால் பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல். உங்கள் மகனின் மூன்று சொத்தைப் பற்களில் கடைசியில் இருப்பது எது என்று முதலில் பாருங்கள்.

21 ஜூன் 2024

இன்று நடந்ததை எழுதாமல் உறங்க முடியவில்லை.

எங்கள் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தில் இன்று கிச்சடி. ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி ஒவ்வொரு வாயையும் இடக் கன்னத்திலேயே ஒதுக்கிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, மெல்லாமல் ஊற வைத்து விழுங்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தட்டைக் கழுவி வைத்த பிறகும் அவள் தட்டில் பாதி மிச்சம் இருந்தது. முதல் வாரம் முழுவதும் நான் இதைப் பார்த்திருக்கிறேன். புது இடம், அதனால் சரியாகச் சாப்பிடவில்லை என்றுதான் எண்ணியிருந்தேன். இன்று அருகே உட்கார்ந்து வாயைத் திறக்கச் சொன்னேன். வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சுற்றுச் சுவர் மட்டும் எஞ்சி, நடுவில் கறுத்த பள்ளம். அதன் கீழே ஈற்றில் கடுகளவு மஞ்சள் கொப்புளம் ஒன்று. வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். எப்போதும் இருப்பதை வலி என்று சொல்ல வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை.

தாயும் தந்தையும் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். இவளும் தம்பியும் பாட்டியிடம் வளர்கிறார்கள். மாலையில் பாட்டி வந்தபோது சொன்னேன். "பூச்சிப் பல்லுங்க டீச்சர், கண்டங்கத்திரி விதையைப் போட்டுப் புகை காட்டினேன், கொஞ்ச நாள் சும்மா இருந்துச்சு" என்றார். என் பாட்டியும் எனக்கு அதைச் செய்திருக்கிறார். சட்டியின்மேல் வாயைக் காட்டிக்கொண்டு கண்ணீர் வடிய உட்கார்ந்திருந்தது இன்றும் நினைவில் இருக்கிறது. பல்லுக்குள் கண்ணுக்குத் தெரியும் பூச்சி எதுவும் கிடையாது. சீழ் வெளியேற வழி கிடைத்ததும் வலி தானாக அடங்கும். அதைப் புகையால் வந்த குணம் என்று எண்ணிக்கொள்கிறோம். அதைப் பாட்டியிடம் பொறுமையாகச் சொல்லி, சனிக்கிழமை அரசு மருத்துவமனைக்கு நானும் வருவதாகக் கூறியிருக்கிறேன்.

22 ஜூன் 2024

போனோம். ஐந்து நாள் மருந்து கொடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு பல்லை எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

23 ஜூன் 2024

தாத்தாவின் உமிக்கரி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். உமிக்கரியும் செங்கல் தூளும் சாம்பலும் அழுக்கை எடுக்கும். கூடவே எனாமலையும் தேய்க்கும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குப் பற்களின் ஓரம் தேய்ந்து, குளிர்ந்த நீர் பட்டால் கூசுவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் தாத்தா சிறு வயதில் களியும் கீரையும் அவரையும் உண்டார். அவருக்கு இனிப்பு என்பது திருவிழாவுக்கு வந்தது. இன்றைய பிள்ளைக்கு ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டில் ஒவ்வொரு நாளும் வருகிறது. உமிக்கரியைக் கொண்டுவந்தால் மட்டும் அவர் பல் நம் பிள்ளைக்கு வந்துவிடாது. அவர் உண்ட முறையும் சேர்ந்து வர வேண்டும். கரும்பு உரித்த தாத்தாக்களை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம் என்பதும் உண்மை. நாற்பது வயதில் பொக்கை வாயான தாத்தாக்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள்.

29 ஜூன் 2024

அந்தச் சிறுமிக்குப் பல் எடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை வகுப்புக்கு வருவாள்.

30 ஜூன் 2024

இனிப்பின் அளவைவிட எத்தனை முறை தின்கிறோம் என்பதுதான் பெரிது என்று நான் சொல்வதை ஒருவர் நம்ப மறுக்கிறார். ஒவ்வொரு முறை இனிப்போ மாவோ வாயில் பட்டதும் அமிலம் ஏறி, அடங்க அரை மணி நேரம் போல ஆகிறது. ஒரே வேளையில் நான்கு மிட்டாய் தின்றால் ஓர் அரை மணி. நான்கு வேளையாகத் தின்றால் நான்கு அரை மணி. ஸ்வீடன் நாட்டில் விபெஹோல்ம் என்னும் காப்பகத்தில் 1940களில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். உணவோடு சேர்த்து இனிப்பு உண்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. உணவுக்கு இடையில் பல்லில் ஒட்டும் மிட்டாய்களைத் தின்னக் கொடுக்கப்பட்டவர்களின் பற்களோ பாழாயின. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத மனவளர்ச்சி குன்றியவர்களின் பற்களை அழித்து அறியப்பட்ட உண்மை அது. அதை எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அவர்கள் கொடுத்த விலைக்காகவாவது அந்த உண்மையை நாம் பயன்படுத்த வேண்டும்.

என் வகுப்புப் பையன் ஒருவனிடம் முந்தைய நாள் தின்றதையெல்லாம் சொல்லச் சொன்னேன். விடிந்ததும் டீயில் தொட்டு பிஸ்கட், பள்ளியில் பொங்கல், இடைவேளையில் பெட்டிக்கடைத் தேன் மிட்டாய், மதியம் சாதமும் முட்டையும், வீட்டுக்குப் போகும் வழியில் ஜெல்லி, போனதும் டீயும் ரஸ்க்கும், இரவு சோறு, படுக்கையில் சர்க்கரை போட்ட பால். சாப்பாட்டை விட்டுவிட்டாலும் இனிப்பு ஐந்து முறை வருகிறது. அவன் அம்மா இனிப்பு அதிகம் கொடுப்பதில்லை என்றுதான் என்னிடம் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. பிஸ்கட்டையும் ரஸ்க்கையும் யாரும் இனிப்பாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. தேன் மிட்டாயாவது எச்சிலில் விரைவில் கரையும். மென்ற பிஸ்கட் பள்ளத்தில் பசையாக அப்பிக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும்.

3 ஜூலை 2024

திருத்தம். 18ஆம் தேதிக் குறிப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஃப்ளோரைடு பேஸ்ட் என்று எழுதியிருந்தேன். பாலக்கோட்டிலிருந்து ஒருவர், தருமபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டது சரி. நான் அதை அன்றே எழுதியிருக்க வேண்டும்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இயற்கையாகவே மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய ஆழ்குழாய் நீரைக் குடித்து வளரும் குழந்தைக்கு, தாடைக்குள் நிலைப்பற்கள் உருவாகும் காலத்திலேயே எனாமல் பழுதுபடுகிறது. ஏழு வயதில் முன்பல் முளைக்கும்போதே சுண்ணாம்புக் கோடுகளோடு வரும், பிறகு பழுப்பேறும். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013இல் தொடங்கப்பட்டது. ஆனால் குழாயில் ஒகேனக்கல் நீர் வராத நாளில் பழைய ஆழ்குழாய்க்கே போகும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன.

ஆகவே என் சொல்லை இப்படி மாற்றிக்கொள்கிறேன். குடிநீரில் ஃப்ளோரைடு மிகுதியாக இல்லாத இடங்களில் ஃப்ளோரைடு பேஸ்ட்தான் சொத்தைக்கு நல்ல காவல். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவும், மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவும் போதும். எங்களைப் போன்ற ஊர்களில் முதலில் குடிக்கும் நீரைச் சோதித்துத் தெரிந்துகொண்டு, பேஸ்ட்டை விழுங்கும் வயதுப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்று பல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளோரைடு பல்லின்மேல் பட்டு வேலை செய்வது; விழுங்குவதற்கானதன்று. விளம்பரத்தில் பிரஷ்ஷின் நீளம் முழுவதும் பாம்பு போல வளைத்துப் பிதுக்கிக் காட்டுவதைப் பார்த்து எங்கள் குழந்தைகளும் அப்படியே செய்கிறார்கள். நறுமணத்துக்காகப் பாதியை விழுங்கவும் செய்கிறார்கள்.

4 ஜூலை 2024

நேற்றைய குறிப்பைப் படித்த ஓர் அம்மா, தம் மகளுக்கு இருப்பது சொத்தையா கறையா என்று கேட்கிறார். ஃப்ளோரைடு கறை பெரும்பாலும் இரு பக்கத்துப் பற்களிலும் ஒரே போலக் கோடாகவோ திட்டாகவோ இருக்கும். இரும்புச் சத்து டானிக் குடிக்கும் குழந்தைக்குப் பல்லின்மேல் கறுப்பு படியும், அது மேற்பூச்சுதான். சொத்தை தொடங்கும்போது கறுப்பாக இருப்பதில்லை. ஈற்றை ஒட்டிப் பளபளப்பில்லாத வெள்ளைத் திட்டாகத்தான் தொடங்கும். மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் முன்பல்லின் மேல் ஓரத்தில் தெரியும். அந்த நிலையில் கண்டுபிடித்து, இரவு பல் தேய்ப்பதையும் தின்பண்டத்தையும் ஒழுங்குபடுத்தினால் குழி விழாமலேயே தடுத்துவிடலாம். குழி விழுந்த பிறகு எந்தப் பேஸ்ட்டாலும் அதை மூட முடியாது. நான் சொல்வதெல்லாம் சந்தேகிக்கத்தான் உதவும். முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

19 ஜூலை 2024

இன்று பள்ளியில் பெற்றோர் கூட்டம். வந்தவர்களில் பாதிப் பேர் பாட்டிமார்கள். பிள்ளை தானாகவே தேய்க்கிறான் என்று எல்லாரும் பெருமையாகச் சொன்னார்கள். ஒரு பையனைத் தேய்க்கச் சொன்னேன். முன்பற்கள் மேல் நாலு இழுப்பு, அதன் பிறகு எட்டு முறை வாய் கொப்பளிப்பு. கடைவாய்ப் பக்கம் பிரஷ் போகவே இல்லை. ஏழெட்டு வயது வரை அந்தக் கைக்கு அவ்வளவு நுணுக்கம் வராது. கொப்பளிப்பைப் பற்றியும் சொன்னேன்: நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தால் பல்லில் ஒட்டியிருக்க வேண்டிய மருந்தும் போய்விடும். இதை ஏற்றுக்கொள்வதுதான் அவர்களுக்குக் கடினமாக இருந்தது, ஏனென்றால் நமக்கு வாய் சுத்தம் என்பதே கொப்பளிப்பதுதான்.

பெரியவர் எப்படித் தேய்த்துவிடுவது என்று விளக்கப் பல வகையில் முயன்றேன். எதிரே நின்று தேய்த்தால் குழந்தை தலையைத் திருப்பிக்கொள்கிறது. அப்போது ஒரு பாட்டி எழுந்து, "பேன் பாக்கற மாதிரி மடியில சாச்சுக்கிட்டா ஆகாதாங்க டீச்சர்?" என்று கேட்டார். பத்தொன்பது ஆண்டுகளில் எனக்குத் தோன்றாத வழி அது. தரையில் உட்கார்ந்து, குழந்தையின் தலையை மடியில் சாய்த்து, இடக் கையால் உதட்டை விலக்கினால் மேல் கடைவாய்ப் பல்லின் கடைசி மூலை வரை தெரிகிறது. தலையும் அசைவதில்லை. அங்கேயே நான்கு பேர் செய்து பார்த்தார்கள்.

11 ஆகஸ்ட் 2024

பெற்றோர் அக்கறை இல்லாதவர்கள் என்ற தொனி என் பழைய குறிப்புகளில் எங்காவது இருந்தால் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நாள் முழுவதும் நூறு நாள் வேலையில் மண் சுமந்துவிட்டு வரும் பெண், அடுப்பு மூட்டிச் சமைத்து, சாப்பிட்டுக்கொண்டே தூங்கிவிழும் பிள்ளையை எழுப்பிப் பல் தேய்ப்பது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். இது எங்கள் ஊரில் மட்டும் இருப்பதும் அன்று. 2002–03இல் நாடு முழுவதும் நடந்த வாய்நலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக் குழந்தைகளில் 51.9 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்தது. உலகில் 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால் பல் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. பாதிப் பிள்ளைகளுக்கு வரும் ஒன்றை ஒவ்வொரு தாயின் தவறாகவும் பார்ப்பதில் நியாயம் இல்லை.

பிலிப்பைன்ஸில் அரசுப் பள்ளிக் குழந்தைகள் சோப்பால் கை கழுவுவதையும் பேஸ்ட்டால் பல் தேய்ப்பதையும் நாள்தோறும் கூட்டமாகச் செய்யும் திட்டம் ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மழலையர் பள்ளிகளிலும் ஆசிரியர் கண்முன் பல் தேய்க்கிறார்கள். நமக்கு அதைவிட வசதியான வாய்ப்பு ஒன்று கையில் இருக்கிறது: 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவு. உண்டு முடித்துத் தட்டுக் கழுவும் குழாயடியிலேயே மூன்று நிமிடம் ஒதுக்கினால் போதும்.

தலைமையாசிரியரிடம் கேட்டு, என் வகுப்பில் மட்டும் ஜூலை இறுதியில் தொடங்கினேன். எங்கள் தெருக் குழாயில் வருவது ஒகேனக்கல் நீர். ஆயினும் வட்டார மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் பேஸ்ட் வாங்கினேன். பிரஷ்களை வைப்பதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. ஒரே டப்பாவில் போட்டால் தலையோடு தலை உரசும், ஈரம் காயாது. சத்துணவு அமைப்பாளர் பழைய பிளாஸ்டிக் முட்டைத் தட்டு ஒன்று கொடுத்தார். அதைக் கவிழ்த்து, மேடு ஒவ்வொன்றிலும் சூடான கம்பியால் துளையிட்டு, துளைக்கு ஒரு பிரஷ்ஷாக நிற்க வைத்து, பல்லி தொடாதபடி கொசுவலைத் துணியால் மூடினோம். இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்காத குழந்தைகளும் தங்கள் துளை எது என்பதை ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள்.

13 ஆகஸ்ட் 2024

பள்ளியில் தேய்த்தால் வீட்டில் தேவையில்லையே என்று ஒரு தாய் மகிழ்ச்சியோடு சொன்னார். இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். பள்ளியில் தேய்ப்பது காலை வேளை. இரவு வேளை இன்னமும் மடியில்தான் நடக்க வேண்டும். நாளையிலிருந்து குழந்தைகளிடம் காலையில் நான் கேட்கப் போகும் ஒரே கேள்வி, நேற்று இரவு யார் மடியில் படுத்தாய் என்பது.

14 அக்டோபர் 2024

காலாண்டு விடுமுறைக்குப் பிறகு இன்றுதான் எழுத நேரம் கிடைத்தது. முதலில் கேள்வி கேட்ட வாசகர், மகனின் மூன்று பற்களில் கடைசியில் இருப்பது நிலைப்பல்தான் என்றும், அதை உடனே அடைத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். மற்ற இரண்டு பால் பற்களில் சொத்தை பரவாமல் நிற்கச் சில்வர் கலந்த மருந்தைத் தடவினார்களாம். அந்த இடம் கறுத்துப்போனதால் வீட்டில் கவலைப்படுகிறார்கள். அந்தக் கறுப்பு மருந்து பட்டதன் அடையாளம், அது அப்படித்தான் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டி வாருங்கள், ஐயா.

விடுமுறையில் பிரஷ்களை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினேன். நான்கு திரும்பி வரவில்லை. ஒன்றில் செருப்புக் கழுவிய மண் இருந்தது, அதை மாற்றிவிட்டேன்.

அந்தச் சிறுமி இப்போது இரண்டு பக்கமும் மெல்கிறாள். கிச்சடி நாளில் இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறாள். இன்று காலை அவளுடைய பாட்டி பள்ளி வாசலில் என்னை நிறுத்தி, பேத்தியின் தலையைத் தம் இடுப்பில் சாய்த்து, விரலால் கன்னத்தை விலக்கிக் காட்டினார். "எதுவும் விழலையே டீச்சர், பின்னால ஏதோ வெள்ளையா எட்டிப் பாக்குதே, இது எந்தப் பல்லு?" கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். ஈற்றைக் கிழித்துக்கொண்டு இரண்டு முனைகள் வெளியே வந்திருந்தன. அவற்றின் நடுவே பள்ளம் ஆழமாகவும் சுத்தமாகவும் இருந்தது. முழுதாக வெளியே வந்ததும் அந்தப் பள்ளத்தை மூடிப் பூசிவிட மருத்துவமனையில் வசதி உண்டா என்று விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.